வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை: குன்றில் எழுந்த எழுத்து

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வட்டத்தின் அன்பர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் முடிவுப்படி, இவ்வாண்டு நம் கூட்டங்களுக்கு ஒரே பொருளை எடுத்துக்கொண்டோம்: இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மாணவர் வாழ்க்கை. பெர்க்லி என்றதும் 1964ஆம் ஆண்டின் பேச்சுரிமைப் போராட்டம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அதற்கு இரண்டு தலைமுறை முந்தைய மாணவர்களைப் பற்றித் தமிழில் பேசுவார் இல்லை என்பதே இந்தத் தேர்வுக்குக் காரணம்.

உறுப்பினர்களை அதிகம் ஈர்த்தது சார்ட்டர் குன்றின் கதை. பல்கலைக்கழகத்தின் நிறுவன நாள் மார்ச் 23. அதற்கு முந்தைய இரவில் முதலாமாண்டு மாணவர்கள் தங்கள் வகுப்பின் ஆண்டு எண்ணைக் குன்றுச் சரிவில் பதிக்க முயல்வார்கள். இரண்டாமாண்டு மாணவர்கள் தடுப்பார்கள். ஆண்டுதோறும் கைகலப்பு, காயம். 1905இல் இரு வகுப்பாரும் சண்டையைக் கைவிட்டார்கள். கொட்டும் மழையில் குன்றின் அடியிலிருந்து மேல்வரை வரிசையாக நின்று, கட்டுமானப் பொருள்களைக் கைமாற்றிக் கைமாற்றி ஏற்றி, கலிபோர்னியாவின் முதலெழுத்தான ‘சி’ என்ற ஆங்கில எழுத்தைக் கான்கிரீட்டில் எழுப்பினார்கள். வளாகத்துக்கு மேலே அது இன்றும் இருக்கிறது. நேற்றுவரை அடித்துக்கொண்டவர்களை எந்தச் சொற்பொழிவும் இப்படிச் சேர்த்திருக்காது. சுமந்த சுமைதான் சேர்த்தது. அந்த மாலை நடந்த விவாதம் இவ்வாண்டின் மிகச் சிறந்த விவாதம் என்பது என் கருத்து.

அடுத்த ஆண்டே, 1906 ஏப்ரல் 18 அன்று, நிலநடுக்கமும் தீயும் சான் பிரான்சிஸ்கோவை அழித்தன. பெர்க்லியின் படைப்பயிற்சி மாணவர்கள் விரிகுடாவைக் கடந்து காவல் பணிக்குச் சென்றார்கள். வீடிழந்தவர்களுக்கு வளாகத்தில் கூடாரங்கள் எழுந்தன. இந்த இரண்டையும் அடுத்தடுத்த கூட்டங்களில் வைத்தது செயற்குழுவின் நல்ல முடிவு.

1899 முதல் 1919 வரை பல்கலைக்கழகத் தலைவராக இருந்தவர் பெஞ்சமின் ஐடு வீலர். மாணவர் ஒழுங்கைப் பெரும்பாலும் மூத்த மாணவர்களிடமே ஒப்படைத்தவர். இறுதியாண்டு மாணவர்கள் கூடுவதற்கென 1906இல் ‘ரெட்வுட்’ மரக் கட்டைகளால் எழுந்த மண்டபமும் இன்றுவரை நிற்கிறது. இளைஞர்களை நம்பிப் பொறுப்பைக் கொடுத்த இந்தத் துணிவு நம் கல்லூரிகளுக்கும் வேண்டும் என்று உறுப்பினர்கள் வற்புறுத்தினார்கள். நானும் அவ்வாறே நினைக்கிறேன்.

கோடரிக் கதைக்கு அரங்கம் நிறைந்தது. 1899 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பேஸ்பால் ஆட்டத்துக்கு ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் ஒரு கோடரியுடன் வந்து, பெர்க்லியின் நீல, பொன் நிற ரிப்பன்களை வெட்டி ஆர்ப்பரித்தார்கள். பெர்க்லி மாணவர்கள் அதைப் பறித்துக்கொண்டு ஓடி, கைப்பிடியை அறுத்துவிட்டு, உடைக்குள் மறைத்துப் படகில் கடத்தி வந்தார்கள். அது வங்கிப் பெட்டகத்தில் பத்திரமாக இருந்தது. 1930இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் தந்திரமாக மீட்டார்கள். 1933 முதல் அது இரு பல்கலைக்கழகங்களின் ஆண்டுக் கால்பந்துப் போட்டியில் வெல்பவருக்குரிய பரிசு. அந்தக் கால்பந்து நாம் ஆடுவது அன்று, அமெரிக்கக் கால்பந்து. உயிரிழப்புகளால் 1905இல் நாடே கொந்தளித்த முரட்டு ஆட்டம். அதனால்தான் இரு பல்கலைக்கழகங்களும் 1906இல் ரக்பிக்கு மாறின. 1915இல் பெர்க்லி பழைய ஆட்டத்துக்குத் திரும்பியபோது ஸ்டான்ஃபோர்டு உடன்படாததால் சில ஆண்டுகள் அந்தப் போட்டியே நடக்கவில்லை.

பெண்களைப் பற்றிய கூட்டம் நம் மகளிர் உறுப்பினர்களின் வேண்டுகோளால் நடந்தது. பெர்க்லியில் பெண்கள் பெருமளவில் படித்தும், வளாக மரபுகள் ஆண்களைச் சுற்றியே அமைந்தன. 1894இல் மாணவியர் தமக்கெனச் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். பல்கலைக்கழகத்தின் புரவலரான ஃபீபி ஹர்ஸ்ட் அம்மையார் அவர்களுக்குக் கூடமும் உடற்பயிற்சி இடமும் தந்தார். ஒற்றுமையைப் புகழும்போது வரிசையில் இடம்பெறாதவர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று ஓர் உறுப்பினர் சொன்னதைக் கூட்டக் குறிப்பில் அப்படியே பதிந்திருக்கிறேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். உரையாற்றியோருக்கும் அரங்கம் தந்தோருக்கும் வட்டத்தின் நன்றி. வரும் ஆண்டில் உறுப்பினர்கள் அனைவரும் ஒருநாள் கூடி நம் நூலக அறையை வெள்ளையடித்து, நூல்களை வரிசைப்படுத்த வேண்டும் என்ற தீர்மானத்தைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

இவண்,
செயலாளர்