மாந்தோப்பில் பதவியேற்ற அரசையும் எழுதுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வங்கதேச விடுதலையில் முடிந்த 1971 போர் பற்றி டிசம்பர் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். டிசம்பர் 3-இல் தொடங்கி 16-இல் டாக்கா சரணடைதலில் முடிந்த நாட்களைக் கட்டுரையாளர் நன்றாகவே சொல்லியிருக்கிறார். ஆனால் அதற்கு முன் எட்டு மாதம் கல்கத்தாவில் இருந்து இயங்கிய வங்கதேச அரசைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதன் பிரதமர் தாஜுத்தீன் அகமதுவின் பெயரே வரவில்லை. எனக்கு இது பெரிய வருத்தம்.

1970 தேர்தலில் கிழக்குப் பாகிஸ்தானின் (இன்றைய வங்கதேசம்) 162 பொதுத் தொகுதிகளில் 160-ஐ ஷேக் முஜிபுர் ரஹ்மானின் அவாமி லீக் கட்சி வென்றது. அவர்களிடம் ஆட்சியைக் கொடுப்பதற்குப் பதில் 1971 மார்ச் 25 இரவு பாகிஸ்தான் ஆட்சியாளர்கள் ராணுவத்தை ஏவிவிட்டார்கள். முஜிப் கைதாகி மேற்குப் பாகிஸ்தான் சிறைக்குப் போனார். எல்லை தாண்டி வந்த தாஜுத்தீன் டெல்லியில் இந்திரா காந்தியைச் சந்தித்தார். ஏப்ரல் 10-இல் அரசு அறிவிக்கப்பட்டது: சிறையில் இருந்த முஜிப் ஜனாதிபதி, சையது நஸ்ருல் இஸ்லாம் பொறுப்பு ஜனாதிபதி, தாஜுத்தீன் பிரதமர். 17-ஆம் தேதி மெஹர்பூர் பக்கம் வைத்தியநாத்தலாவில் ஒரு மாந்தோப்பில், கல்கத்தாவில் இருந்து அழைத்துவந்த பத்திரிகையாளர்கள் முன்னால் பதவியேற்றார்கள். இந்திய எல்லைக்குள் அல்ல, சொந்த மண்ணில்! அந்த இடத்துக்கு முஜிப்நகர் என்று பெயர் வைத்தார்கள். மறுநாளே கல்கத்தாவில் இருந்த பாகிஸ்தான் துணைத் தூதர் ஹுசைன் அலி, தன் வங்காளி ஊழியர்களோடு அணி மாறி அலுவலகத்தில் வங்கதேசக் கொடியை ஏற்றினார்.

அப்புறம் எல்லா வேலையும் கல்கத்தா தியேட்டர் ரோடு 8-ஆம் எண் வீட்டில்தான். (நம் புதுச்சேரியில் வாழ்ந்து மறைந்த அரவிந்தர் பிறந்த வீடு என்று போற்றப்படுவதும் அதுவே.) தாஜுத்தீனின் மனைவி மக்கள் அதே ஊரில் இருந்தார்கள். நாடு விடுதலையாகும்வரை குடும்பத்தோடு வாழ்வதில்லை என்று முடிவெடுத்து, அவர் அலுவலகத்தை ஒட்டிய அறையிலேயே தங்கினார். படைத் தளபதி உஸ்மானி தலைமையில் நாட்டை 11 போர்ப் பகுதிகளாகப் பிரித்தது, வானொலி நடத்தியது, லண்டனில் இருந்து நீதிபதி அபு சயீத் சவுத்ரி மூலம் உலக நாடுகளிடம் பேசியது எல்லாம் இந்த அரசுதான். இத்தனைக்கும் இந்தியா அதை அங்கீகரித்தது டிசம்பர் 6-இல்தான்.

உள்ளுக்குள்ளும் நெருக்கடி இருந்தது. வெளியுறவு அமைச்சர் கொந்தகர் முஷ்டாக் அகமது தரப்பு, பாகிஸ்தானோடு சமரசம் செய்வது பற்றி, பிரதமருக்குத் தெரியாமல் அமெரிக்கத் தூதரக அதிகாரிகளோடு பேசியது. முஜிப் வாகினி என்ற படை இந்த அரசின் கட்டளைக்குள் வராமல் தனியே இயங்கியது. இதையெல்லாம் தாங்கிக்கொண்டு அந்த அரசைச் சிதறாமல் காத்தவர் தாஜுத்தீன் என்பது என் உறுதியான எண்ணம்.

1971 போரை வெறும் இந்தியா-பாகிஸ்தான் போர் என்று எழுதுவது சரியல்ல. சரணடைதல் பத்திரத்திலேயே இந்திய ஜெனரல் அரோரா, கிழக்கு முனையில் இந்திய, வங்கதேசப் படைகள் இரண்டுக்கும் தளபதி என்றுதான் குறிப்பிடப்படுகிறார். வங்கதேசப் படை என்று ஒன்று அந்தத் தாளில் இடம்பெற்றதற்குப் பின்னால் தியேட்டர் ரோட்டின் எட்டு மாத உழைப்பு இருக்கிறது.

1972 ஜனவரியில் முஜிப் திரும்பியதும் தாஜுத்தீன் பிரதமர் பதவியை அவரிடம் ஒப்படைத்தார். 1974-இல் அமைச்சரவையிலிருந்தே வெளியேற்றப்பட்டார். 1975 ஆகஸ்டில் முஜிப் கொல்லப்பட்டு முஷ்டாக் ஜனாதிபதியானபோது சிறைக்குப் போனார். நவம்பர் 3-இல் டாக்கா மத்திய சிறைக்குள் தாஜுத்தீன், நஸ்ருல் இஸ்லாம், மன்சூர் அலி, கமருஸ்ஸமான் நால்வரையும் சுட்டுக் கொன்றார்கள். நால்வருமே மாந்தோப்பில் அமைந்த அந்த அரசில் இருந்தவர்கள்.

இவர்களைப் பற்றித் தமிழில் விரிவாக எழுதுவதற்கு உங்கள் இதழ் பொருத்தமான இடம். அதே கட்டுரையாளரையே எழுதச் சொன்னாலும் மகிழ்ச்சிதான். வரும் ஏப்ரல் இதழில் இடம் ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
தஞ்சாவூர்