சொந்தப் பாட்டுக்கு ஐந்து நிமிடம் தரக்கூடாதா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன மாதம் இங்கே பினாங்கில் நடந்த ஒரு பாட்டுப் போட்டிக்கு, படிவம் மூன்றில் படிக்கும் என் பேத்தியை அழைத்துப் போனேன். கட்டணம் 20 வெள்ளி. பட்டர்வொர்த்துக்கு ஓடிய பழைய இரண்டு மாடி ஃபெர்ரியைப் பற்றி அவளே எழுதி, கிட்டாரில் மெட்டுப் போட்ட பாட்டைப் பாட வந்திருந்தாள். பெயர் பதிந்தவர், "இது எந்தப் படத்துல?" என்றார். சொந்தப் பாட்டு என்றாள். "கரோக்கே டிராக் இல்லாம சேர்க்க முடியாதும்மா." அப்புறம் என்ன, பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு செண்டோல் சாப்பிடப் போனோம். கிட்டாரை அவள் மடியை விட்டு இறக்கவேயில்லை.

அன்று இரவு ஃபர்ஸ்ட் எய்ட் கிட் என்ற சுவீடன் குழுவை எனக்குப் போட்டுக் காட்டினாள். யோஹானா, கிளாரா என்று அக்காள் தங்கை இருவர், ஸ்டாக்ஹோம் பெண்கள். 2008இல் காட்டுக்குள் கட்டம்போட்ட சட்டையோடு உட்கார்ந்து, ஓர் அமெரிக்கக் குழுவின் பாட்டைப் பாடி யூடியூபில் போட்டார்கள். தங்கைக்கு அப்போது 15 வயது. அந்த அமெரிக்கக் குழுவே கேட்டுவிட்டுப் பாராட்ட, பெயர் பரவிவிட்டது.

அதுவும் அடுத்தவர் பாட்டுதானே என்பீர்கள். சரிதான். ஆனால் அதே வருடம், அதற்கு முன்பே, அவர்களுடைய சொந்தப் பாடல்களை ஒரு சின்ன நிறுவனம் நம்பி வெளியிட்டிருந்தது. அப்பா ஒரு காலத்தில் ராக் இசைக்குழுவில் இருந்தவர். 2010இல் வந்த முதல் ஆல்பத்தைத் தயாரித்தவரும் அவரே. ஊர் ஊராகக் கூடவே போய் ஒலியமைப்பையும் பார்த்துக்கொண்டார். 2012 ஆல்பத்தில் பாடகி எமிலூ ஹாரிஸ் பெயரிலேயே ஒரு பாட்டு எழுதினார்கள். 2015இல் அந்த அம்மாள் ஸ்டாக்ஹோமில் போலார் இசை விருது வாங்கியபோது, அவர் எதிரிலேயே அவர் பாட்டைப் பாடினார்கள். அவர் கண்கலங்கி உட்கார்ந்திருந்த இடத்தைப் பேத்தி இரண்டு தரம் ஓட்டிக் காட்டினாள்.

திரைப்பாடல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானே டி.எம்.எஸ். பைத்தியம். போட்டி நடத்துகிறவர்கள், இடைவேளைக்கு முன் ஐந்து நிமிடம், டிராக் கேட்காமல், பிள்ளைகளின் சொந்தப் பாட்டுக்கு ஒதுக்கட்டும். மதிப்பெண் போடத் தெரியாவிட்டால் போடவே வேண்டாம், உட்கார்ந்து கேட்டால் போதும்.

இப்படிக்கு,
ஒரு தாத்தா,
ஜெலுத்தோங், பினாங்கு