கோத்தகிரி பெரியப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெரியப்பா,

மல்டிபிள் மைலோமா என்று ரிப்போர்ட் வந்ததிலிருந்து நீங்கள் கேட்பது ஒன்றுதான்: "இலை மூட்டை தூக்கின முதுகுவலி எப்படிம்மா புற்றுநோயாச்சு?" இதே கேள்வி மலையில் பலருக்கும் வரும். நீங்கள் சம்மதித்ததால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

மூட்டை தூக்கியதால் இது வரவில்லை. ஒட்டுகிற நோயும் இல்லை, பேத்தியைப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொள்ளுங்கள்.

எலும்பு மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள் உண்டு. கிருமிகளை எதிர்க்கும் ஆன்டிபாடிகளைச் செய்வது அவைதான். அதில் ஒன்று கெட்டுப் பெருகி, எதற்கும் உதவாத ஒரே வகைப் புரதத்தை ரத்தத்தில் கொட்டுகிறது. பராமரிக்காத தேயிலைக்குள் உண்ணிச்செடி மண்டுவதுபோல அந்தக் கெட்ட செல்கள் மஜ்ஜையை அடைத்துக்கொள்வதால் சிவப்பணு குறைகிறது. மேடு ஏறும்போது உங்களுக்கு மூச்சு வாங்கியது அதனால்தான். எலும்பை அரிக்கும் செல்களையும் அவை தூண்டிவிடும். முதுகெலும்பு நொறுங்கி வலிக்கிறது. அரித்த எலும்பின் கால்சியம் ரத்தத்தில் ஏறுகிறது.

எனக்குப் பெரிய கவலை உங்கள் சிறுநீரகம். அந்தப் புரதத்தின் துண்டுகள் அங்கே போய் அடைக்கும். அதன் மேல் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரொஃபென் போட்டால் இன்னும் கெடும். மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள். வலித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு மருந்து இருக்கிறது. குளிரில் தாகம் எடுக்காவிட்டாலும் டாக்டர் சொன்ன அளவு தண்ணீர் குடியுங்கள். ஸ்கேனுக்கு மருந்து ஏற்றுவதற்கு முன் நோயின் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

முழுதாகக் குணமாவது அரிது, பெரியப்பா. மறைக்க மாட்டேன். ஆனால் அடக்கிவைத்துப் பல வருஷம் வாழ்கிறவர்கள் நிறைய. உங்களுக்கு வயிற்றில் போடப்போகும் போர்டிசோமிப் ஊசிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததே 2003-இல்தான். அதற்குப் பிறகும் புது மருந்துகள் வந்துகொண்டே இருக்கின்றன. கூடவே தரும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து சர்க்கரையை ஏற்றும், தூக்கத்தைக் கெடுக்கும். ஊசியால் பாதம் மரத்துப்போகலாம். அப்போது நெருப்புக்கு முன்னால் காலை நீட்டி உட்காராதீர்கள், சுடுவதே தெரியாது. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

திங்கட்கிழமை கோயம்புத்தூருக்கு பஸ்ஸில் வர வேண்டாம். வளைவுகளில் குலுங்கினால் முதுகு தாங்காது. கார் சொல்லியிருக்கிறேன். இதுவரை சாப்பிட்ட மாத்திரை அட்டைகள், காலியானதும் சேர்த்து, எல்லாவற்றையும் பெரியம்மாவிடம் சொல்லி ஒரு பையில் எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி மகள்