ஓடுபாதையை நீட்டுமுன் வரைபடத்தைக் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலைய ஓடுபாதை நீட்டப்பட வேண்டும் என்று விரும்புகிறவர்களில் நானும் ஒருவன். 1990 இல் அதே பலாலியிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தவனாகவும் இருப்பதால், இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

2019 ஒக்டோபர் 17 இல் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்படுவதற்கு முன்னர், சென்னையில் சிகிச்சை பெறவேண்டியிருந்த என் தாயாரை இரவு முழுவதும் வாகனத்தில் இருத்தி, 300 கிலோமீற்றருக்கு மேல் தெற்கே, கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுநாயக்க விமான நிலையத்துக்குக் கொண்டுசென்று, அங்கிருந்து மறுபடியும் வடக்கு நோக்கிப் பறக்க வேண்டியிருந்தது. இன்று பலாலியில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் சென்னை. கொவிட் காலத்தில் நின்றுபோய் 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கிய இந்தச் சேவையின் அருமை, நோயாளியோடு பயணம் செய்தவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால், வந்துபோகிறவை எழுபது, எண்பது பேர் அமரக்கூடிய ஏ.டி.ஆர். 72 விமானங்களே. ஏ320 போன்ற ஜெட் விமானம் முழுச்சுமையோடு எழும்புவதற்கு ஏறக்குறைய 2 கிலோமீற்றர் நீளமான, உறுதியான ஓடுபாதை வேண்டும். அது இல்லாதவரை இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வருகிற எங்கள் பிள்ளைகள் கட்டுநாயக்கவில் இறங்கி இரவுப் பேருந்தில்தான் ஊர் வந்துசேர வேண்டும்.

விரிவாக்கம் என்ற சொல்லைக் கேட்டதும், பலாலி அடங்கிய வலிகாமம் வடக்குப் பிரதேச மக்கள் அஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது. 2013 இல் 6,381 ஏக்கர் காணியை இராணுவத் தேவைக்காகச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல் ஒட்டப்பட்டபோது, உரிமையாளர்களை அடையாளம் காணமுடியவில்லை என்று அதில் எழுதப்பட்டிருந்தது. உரிமையாளர்களோ முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் காணி உறுதிகளை (உரிமைப் பத்திரங்களை) கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஓடுபாதைக்கு எவ்வளவு நிலம் தேவை, இராணுவத்தின் பயன்பாட்டில் எவ்வளவு இருக்கிறது என்பவை வெவ்வேறு கேள்விகள்; இரண்டையும் ஒன்றாகக் கலப்பதால்தான் விமான நிலையத்தை விரும்புகிறவர்கள்கூட அதன் விரிவாக்கத்தை எதிர்க்க நேர்கிறது.

ஆகவே, எந்தக் காணித்துண்டுகள் ஓடுபாதைக்குத் தேவை என்பதைக் காட்டும் நிலஅளவை வரைபடம் பிரதேச செயலகத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். அவற்றுக்குச் சந்தை விலைப்படி நட்டஈடு வழங்கி, எஞ்சியவற்றை உரியவர்களிடம் கையளிக்க வேண்டும். என் தந்தையாரின் காணி உறுதி இன்னும் எங்களிடம் இருக்கிறது. அந்தக் காணி ஓடுபாதைக்குள் வருமானால் கொடுக்க ஆயத்தமாக இருக்கிறோம். வருகிறதா, இல்லையா என்பதை எழுத்தில் அறியத்தாருங்கள்.

காணி உரிமையாளர் ஒருவர்,
வலிகாமம் வடக்கு