கடைசிச் சண்டையை உருவாக்குகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வீடியோ கேம்களின் கடைசிச் சண்டையை யோசித்து உருவாக்குகிற எல்லோருக்கும் வணக்கம்.

கேம் முடிந்ததும் திரையில் பெயர்ப்பட்டியல் ஓடும் இல்லையா, அதை எழுந்து போகாமல் உட்கார்ந்து பார்க்கிறவன் நான். ஃபைனல் பாஸை, அதாவது கடைசிப் பெரிய எதிரியை, தோற்கடித்த கையோடு, விரல்கள் இன்னும் கன்ட்ரோலரை இறுக்கிப் பிடித்திருக்கும்போதே, இந்தச் சண்டையை யோசித்த ஆள் இதில் யார் என்று தேடுவேன். பெரும்பாலும் கண்டுபிடிக்க முடியாது. நூற்றுக்கணக்கான பெயர்கள். ஒருவர் அசைவுகளைச் செய்திருப்பார், ஒருவர் இசை, இன்னொருவர் ஓர் அடிக்கு எவ்வளவு ஹெல்த் (உயிர்பலம்) குறைய வேண்டும் என்ற கணக்கு. யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாததால்தான் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். நன்றியோடு சில கோரிக்கைகளும் உண்டு.

பல கேம்களின் முடிவுகளை இதில் பேசப்போகிறேன். விளையாடாத கேமின் பெயர் வந்தால் அந்தப் பத்தியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுங்கள் என்று மற்ற வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

சொல்ல வந்தது இதுதான். கடைசிச் சண்டை, அதுவரை நீங்கள் எங்களுக்குக் கற்றுக்கொடுத்ததை எங்களிடமே திருப்பிக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்ட சண்டைகள் ஆண்டுக்கணக்கில் மனதில் நிற்கின்றன. வெறுமனே பெரிய உடம்பும் நீளமான ஹெல்த் பாரும் கொண்டு வந்தவை, வென்ற மறுநாளே மறந்துபோகின்றன.

செகிரோவிலிருந்து தொடங்குகிறேன். 2019-இல் வந்த அந்த கேமின் ஆரம்பத்திலேயே, நாணல்போல் வெளிறிய புல் மண்டிய ஒரு வெளியில் கெனிச்சிரோ என்ற எதிரி நம் கையை வெட்டிவிடுகிறான். எவ்வளவு நன்றாக ஆடினாலும் அந்தச் சண்டை அப்படித்தான் முடியும். பல மணி நேரம் கழித்து, கேமின் கடைசியில், அதே புல்வெளிக்கு வந்து நிற்கிறோம். எதிரே அதே கெனிச்சிரோ. கையில் புதிதாக ஒரு கரிய வாள். ஆனால் முதல் நாள் கண்ணுக்கே தெரியாத அவன் வீச்சுகள் இப்போது ஒவ்வொன்றாகத் தனித்தனியே தெரிகின்றன. எந்த அடியைத் தட்ட வேண்டும், எதற்குக் குதிக்க வேண்டும் என்று கை தானாகவே செய்கிறது. நான் எவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்பதை எந்த வசனமும் இல்லாமல் அந்த இடம் எனக்குக் காட்டியது.

அப்புறம்தான் கடைசி எதிரியான இஷின் வருகிறார். மூன்று கட்டங்கள். முதலில் வாள், அடுத்து ஈட்டியும் துப்பாக்கியும், கடைசியில் மின்னல். எனக்குப் பதினொரு மாலைகள் ஆயின. இரண்டாம் கட்டத்தைக் கண்டு மிகவும் பயந்தேன், ஏனென்றால் ஈட்டி எட்டும் தூரம் அதிகம். அதனால் பின்வாங்கிக்கொண்டே இருந்தேன், செத்துக்கொண்டே இருந்தேன். ஏழாவதோ எட்டாவதோ நாளில்தான் உறைத்தது: ஈட்டியால் குத்தினால் முன்னால் பாய்ந்து அதைக் காலால் மிதிக்கும் மிகிரி வித்தையைக் கேமின் தொடக்கத்திலேயே கற்றுக்கொண்டேனே! அவர் ஈட்டியை எடுத்ததும் நான் நெருங்கிப் போக வேண்டியிருந்தது. மின்னலும் அப்படியே. குதித்து அதை உடம்பில் வாங்கி, கால் தரையில் படுவதற்குள் திருப்பி வீசினால் அவருக்கே அது பேரடி. பார்க்கப் பயங்கரமான அந்தக் கட்டம், பாடத்தை மறக்காதவனுக்குக் கொஞ்சம் சுலபம்கூட. இதை யோசித்தவர் யாரோ, அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

வாள்வீச்சில்தான் இது முடியும் என்று நினைக்க வேண்டாம். 2007-இல் வந்த போர்ட்டல் கேமில் கையில் ஒரு கொலைக்கருவிகூடக் கிடையாது. சுவரில் இரண்டு வாசல் திறக்கும் கருவி மட்டும். நடுவில் ஓர் அறையில், இதயப்படம் போட்ட கனசதுரப் பெட்டி ஒன்றைச் சுமந்துகொண்டே புதிர்களை அவிழ்த்து, கடைசியில் அதையே எரியுலையில் போடச் சொல்வார்கள். மனசு கேட்காது. ஆனால் போட்டால்தான் கதவு திறக்கும். கடைசியில் நம்மை ஆட்டிவைத்த கிளாடோஸ் என்ற கணினியின் முன்னால் நிற்கும்போது நச்சுவாயு பரவுகிறது, ஆறு நிமிடக் கெடு. அவள் மேல் தொங்கும் கோளங்களைக் கீழே விழவைத்து எரியுலையில் போட வேண்டும். எரியுலை எப்படி வேலை செய்யும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை, அந்தப் பெட்டியை எரித்த கைதானே இது! விளையாட்டை உருவாக்கியவர்களே தங்கள் விளக்கவுரையில், பெட்டியை எரிக்கவைத்ததற்கு இந்தப் பயிற்சியும் ஒரு காரணம் என்று சொல்லியிருக்கிறார்கள். எங்களை வருந்தவைத்த காட்சிக்குள்ளேயே பாடத்தை ஒளித்து வைத்திருக்கிறார்கள். 2011-இல் வந்த இரண்டாம் பாகத்தின் முடிவு இன்னும் துணிச்சலானது. வாசல் திறக்க உதவும் வெள்ளைக் குழம்பு நிலாக்கல்லை அரைத்துச் செய்தது என்று எப்போதோ ஒரு ஒலிப்பதிவில் காதில் விழுந்திருக்கும். கடைசி நொடியில் கூரை பிளந்து, வானத்தில் நிலா தெரிகிறது. யாரும் எதுவும் சொல்வதில்லை. கை தானாக மேலே குறிபார்க்கிறது. அந்த ஒரு நொடிக்கு இணையான இன்னொன்றை நான் இதுவரை விளையாடவில்லை.

கற்றுக்கொடுத்தவரையே எதிரே நிறுத்தினால் என்ன ஆகும்? 2004-இல் வந்த மெட்டல் கியர் சாலிட் மூன்றாம் பாகம் அதைத்தான் செய்தது. ஹிடியோ கோஜிமா இயக்கியது. எதிராளியின் பெயரே தி பாஸ். நாம் ஆடும் நாயகன் ஸ்நேக்குக்குக் கைச்சண்டை சொல்லிக்கொடுத்த குரு அவர். வெள்ளைப் பூக்கள் நிறைந்த வெளியில், பத்து நிமிடக் கெடுவில் சண்டை. யோசிக்காமல் நெருங்கிப் போனால், அவர் சொல்லிக்கொடுத்த பிடியாலேயே நம்மைத் தரையில் சாய்த்துவிடுவார். எப்படியோ வென்ற பிறகு அவர் பூக்களுக்கு நடுவே கிடக்கிறார், நம் துப்பாக்கி அவரை நோக்கி இருக்கிறது. கட்சீன் (நாம் ஆடாமல் பார்க்க மட்டும் செய்யும் காட்சி) ஓடுவதுபோல் இருக்கும், ஆனால் ஓடாது. பட்டனை அழுத்த வேண்டியது நாம்தான். நான் கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் அப்படியே இருந்தேன். வேறு வழி இருக்கிறதா என்று ஒவ்வொரு பட்டனாகப் பார்த்தேன். இல்லை. சுட்டேன். வெள்ளைப் பூக்கள் எல்லாம் சிவப்பாக மாறின. அந்தச் சுடும் நொடியைப் படக்காட்சியாகவே காட்டியிருந்தால் அது ஒரு சோகக் கதையாக மட்டும் முடிந்திருக்கும். அந்தப் பாரத்தை எங்கள் விரலில் வைத்தீர்கள், அதற்காகத்தான் நன்றி.

இதற்கும் பத்து ஆண்டு முன்பே, 1994-இல் ஜப்பானில் வெளியான மதர் இரண்டாம் பாகத்தில் (வெளிநாட்டில் எர்த்பௌண்ட் என்ற பெயரில் வந்தது) ஷிகெசாட்டோ இட்டோயின் குழு ஒரு காரியம் செய்தது. கீகஸ் என்ற அந்த எதிரிக்கு உருவமே சரியாகக் கிடையாது. கடைசிக் கட்டத்தில் எந்த ஆயுதமும் அதை முடித்துவிடாது. பௌலா என்ற சிறுமியிடம் ஆரம்பத்திலிருந்தே 'பிரார்த்தனை' என்றொரு கட்டளை இருக்கும். என்ன பலன் தரும் என்று முன்கூட்டித் தெரியாததால் பலர் அதைத் தொடவே மாட்டார்கள். இங்கே அதுதான் வழி. அவள் வேண்ட வேண்ட, பயணத்தில் சந்தித்தவர்கள் ஒவ்வொருவராக இந்தப் பிள்ளைகளை நினைத்துக்கொள்கிறார்கள். கடைசி வேண்டுதல் போய்ச் சேர்வது யாரிடம் தெரியுமா? திரைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் நம்மிடம், நம் சொந்தப் பெயரில். கேமின் நடுவே எப்போதோ நம் பெயரைக் கேட்டு வாங்கிவைத்திருப்பார்கள், நாம் மறந்தே போயிருப்போம்.

டார்க் சோல்ஸ் கேமின் கடைசி எதிரியான க்வின்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த கேம் முழுக்க பேரிரைச்சலான இசையோடு ராட்சதர்கள் வந்து போவார்கள். கடைசியில் ஒரு வற்றிய அரசர், பின்னணியில் மோட்டோய் சகுராபாவின் மெல்லிய பியானோ. அவருடைய வாளைச் சரியான நொடியில் தட்டிவிடத் தெரிந்தவர்களுக்குச் சண்டை சீக்கிரம் முடிந்துவிடும். இவ்வளவுதானா என்று சிலர் குறைபட்டார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. நெருப்பைக் காப்பாற்றித் தன்னையே தீர்த்துக்கொண்ட மனிதர் அவர், அவரிடம் அதற்கு மேல் பலம் இருந்திருந்தால்தான் கதை பொய்யாகியிருக்கும்.

சரி, இனி மனத்தாங்கல்கள்.

பயோஷாக்கை எடுத்துக்கொள்ளுங்கள், 2007-இல் வந்தது. அந்தக் கதையின் நகரத்தை உருவாக்கிய ஆண்ட்ரூ ரையனின் அறையில் நடப்பது கேம்களின் மிகச் சிறந்த காட்சிகளில் ஒன்று. நம் கையிலிருந்து கட்டுப்பாட்டைப் பறித்துக்கொள்கிறார்கள், ஆனால் அங்கே பறிப்பதுதான் கதையே: நாம் இதுவரை சுதந்திரமாகச் செய்ததாக நினைத்தவை எல்லாம் யாரோ ஏவியவை. உண்மையான உச்சம் அது. அதற்கு அப்புறமும் சில மணி நேரம் போய், கடைசியில் எதிரி ஃபோன்டெய்ன் தசை புடைத்த சிலையாக வந்து மோதுகிறான். கேம் அதுவரை எழுப்பிய கேள்விகளில் ஒன்றுக்கும் அந்தச் சண்டையில் இடமில்லை. இவ்வளவு நல்ல கேமுக்கு இது நேர்ந்ததே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. ராட்சதன் கட்டாயம் வந்தாக வேண்டும் என்று யாராவது உங்களிடம் சொன்னால், தயவுசெய்து மறுத்துவிடுங்கள். 1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸிலேயே, எதிரி பௌசரைத் தாண்டி ஓடிப்போய்க் கோடாரியைத் தொட்டால் போதும், பாலம் அறுந்து அவன் விழுந்துவிடுவான். ஓடவும் குதிக்கவும் சொல்லிக்கொடுத்த கேம், முடிவிலும் அதையே கேட்டது.

இன்னொன்று கட்சீன். பெயர் வேண்டாம், ஒரு கேமில் கடைசி எதிரியின் முன் ஒவ்வொரு முறை சாகும்போதும் அதே இரண்டு நிமிடப் பேச்சை மறுபடி பார்க்கவேண்டி இருந்தது. தாண்டிப்போக வழியில்லை. முதல் முறை அந்த வசனம் என்னைச் சிலிர்க்கவைத்தது. பதினைந்தாவது முறை, அந்தக் குரலைக் கேட்டாலே எரிச்சல் வந்தது. நீங்கள் பாடுபட்டு எழுதிய வசனத்தை நீங்களே கெடுத்துக்கொள்கிறீர்கள். அதே கேமில் நான் போராடி எதிரியின் ஹெல்த்தைத் தரைமட்டமாக்கிய பிறகு, கடைசி அடியைக் கட்சீனில் கதாநாயகனே கொடுத்துவிட்டான். அந்த அடி என்னுடையது. அதை என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளாதீர்கள். சூப்பர் மெட்ராய்டு கேமில் கடைசி எதிரி மதர் பிரெயின் நம்மை மண்டியிடவைத்து, அசையமுடியாமல் செய்யும்போது நான் கோபப்படவில்லை. ஏனென்றால் குட்டி மெட்ராய்டு வந்து உயிரைக் கொடுத்து நம்மை மீட்டபின், கட்டுப்பாடு நம் கைக்கே திரும்பி வருகிறது. முடிப்பது நாம்தான்.

தோற்றபின் திரும்பி வரும் தூரமும் அப்படித்தான். பாஸின் வாசலிலேயே செக்பாயின்ட் (தோற்றால் மீண்டும் தொடங்கும் இடம்) வையுங்கள். ஐந்து நிமிடம் ஓடிவருவதில் நான் எதையும் கற்றுக்கொள்வதில்லை, சண்டையில்தான் கற்றுக்கொள்கிறேன். கை வேகம் குறைந்தவர்களுக்கும் உடல் ஒத்துழைக்காதவர்களுக்கும் உதவும் தேர்வுகளை வையுங்கள். 2018-இல் வந்த, மலையேறும் செலஸ்ட் என்ற கேம், தன் வேகத்தைக் குறைக்கவும் அடிபடாமல் ஆடவும் வழிசெய்து கொடுத்தது, அதனால் அந்த மலையின் உயரம் யாருக்கும் குறைந்துவிடவில்லை.

நீங்கள் கேட்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் இதை எழுதுகிறேன். எல்டன் ரிங் 2022-இல் வந்தபோது கடைசி எதிரியான எல்டன் பீஸ்ட் அந்தப் பெரிய வெளியில் விலகி விலகிப் போகும், நாம் காலால் துரத்திக்கொண்டே இருக்க வேண்டும். கேம் முழுக்க நம்மைச் சுமந்த டோரென்ட் என்ற குதிரையை அங்கே கூப்பிட முடியாது. 2024-இல் ஒரு அப்டேட்டில் அங்கேயும் குதிரையை அழைக்கலாம் என்று மாற்றினார்கள். இரண்டு வருடம் கழித்தும் ஒரு கடைசிச் சண்டையைத் திருத்தினார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

கொஞ்சம் ஆசையும் சேர்த்துச் சொல்கிறேன். 1997-இல் வந்த முதல் ஃபால்அவுட்டில், கடைசி எதிரியான மாஸ்டரிடம் அவன் உருவாக்கும் இனத்தால் பிள்ளை பெறவே முடியாது என்பதை ஆதாரத்தோடு காட்டினால், சண்டையே இல்லாமல் அவன் தன் திட்டத்தைக் கைவிட்டுவிடுவான். தேடித் திரிந்து ஆதாரம் சேர்த்தவனுக்கு அந்தப் பேச்சுதான் வாள். பிரெத் ஆஃப் தி வைல்டில் நான்கு தெய்வ விலங்குகளையும் மீட்டுவிட்டுப் போனால், கடைசி எதிரி கேனனின் பாதி உயிர் நாம் மோதும் முன்பே போய்விடும். வேண்டாம் என்றால் நேராகவும் போகலாம். நாங்கள் நடந்த பாதையை நினைவில் வைத்திருக்கும் இந்த மாதிரிச் சண்டைகள் இன்னும் நிறைய வேண்டும்.

கடைசியாக, 2017-இல் வந்த நியர் ஆட்டோமாட்டா. அதன் ஐந்தாவது முடிவில் நாம் சண்டை போடுவது பெயர்ப்பட்டியலோடு. கேமை உருவாக்கியவர்களின் பெயர்களே நம்மைச் சுடுகின்றன, நாமும் சுட வேண்டும். நான் திரும்பத் திரும்பத் தோற்றேன். ஒரு கட்டத்தில், வேறு ஆட்டக்காரர்களின் உதவி வேண்டுமா என்று கேட்டது. சரி என்றதும் முகம் தெரியாத பலரின் சிறு கலங்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு குண்டுகளைத் தாங்கின. பாட்டு சேர்ந்திசையாக மாறியது. முடிந்ததும் ஒரு கேள்வி: இதேபோல் இன்னொருவருக்கு நீ உதவுவாயா, அதற்கு உன் சேவ் (இதுவரை ஆடியதன் பதிவு) முழுவதையும் இழக்கச் சம்மதமா? சம்மதம் என்றேன். சேர்த்த ஆயுதங்கள், வரைபடம், கதை எல்லாம் ஒவ்வொன்றாக அழிவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்று அந்தப் பெயர்ப்பட்டியலில் யாரையும் தேடவில்லை. ஒவ்வொருவரோடும் சண்டையே போட்டுவிட்டேனே.

அன்புடன்,
உங்கள் ஆட்டக்காரர்களில் ஒருவன்