தம்பிக்காக நின்ற அனைவருக்கும்

சேண்பாக்கம், வேலூர்.

அன்பானவர்களே,

போன வாரம் தம்பி வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்து வந்தான். தெருவே வெளியில் வந்து நின்று பார்த்தது. அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன், அழுகையில் முடியவில்லை.

உங்களில் பலருக்கு நோயின் பெயர்கூடத் தெரியாது. கில்லன் பாரே என்கிறார்கள், சுருக்கமாக ஜி.பி.எஸ். நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே நரம்புகளைத் தாக்கிவிடுகிறது. வயிற்றுப்போக்கு நின்று பத்து நாள் கழித்துப் பாதம் மரத்தது. முதலில் காட்டிய இடத்தில் சத்துக்குறைவு என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் முழங்கால், அப்புறம் கை, ஐந்தாம் நாள் மூச்சு. அந்த நள்ளிரவில் கூப்பிட்டதும் ஓடிவந்த ஆட்டோ அண்ணா, நீங்கள் இன்றுவரை காசு வாங்கவில்லை.

ஐ.வி.ஐ.ஜி. மருந்தை, அதாவது ரத்தம் கொடுத்தவர்களிடமிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதத்தை, ஐந்து நாள் ஏற்ற வேண்டும் என்றார்கள். என் நகை பாதிக்குத்தான் வந்தது. மீதியைத் தையல்கடை முதலாளியும் சபையாரும் ஒரே பகலில் திரட்டித் தந்தீர்கள். எதிர்வீட்டு அக்கா என் பிள்ளைகளுக்கும் சேர்த்தே சமைத்தார். அது நோன்பு மாதம். பக்கத்து வீட்டு பாய் தினமும் மாலையில் தூக்குவாளியில் நோன்புக் கஞ்சியோடு ஆஸ்பத்திரி வாசலில் நிற்பார். "நீ சாப்பிட்டாத்தாம்மா அவனைப் பாத்துக்க முடியும்" என்பார்.

வென்டிலேட்டரில் 34 நாள். கையும் காலும் அசையாது, தொண்டையில் குழாய் இருப்பதால் பேச்சும் இல்லை. ஆனால் அறிவு தெளிவாக இருக்கும், வலியும் முழுதாகத் தெரியும். இது எனக்கே அப்போது சரியாகப் புரியவில்லை. ஓர் இரவு அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்ததை ஒரு நர்ஸ் கவனித்திருக்கிறார். ஆமென்றால் ஒருமுறை, இல்லையென்றால் இரண்டுமுறை கண் சிமிட்டச் சொல்லி, உடம்பில் ஒவ்வோர் இடமாகக் கேட்டுக்கொண்டே வந்தாராம். கடைசியில் பார்த்தால், திருப்பிப் படுக்கவைத்தபோது இடது காது தலையணைக்கடியில் மடங்கிப்போயிருந்தது. பல மணி நேரமாக. நிமிர்த்திவிட்டு, "இவ்வளவு நேரம் எப்படித் தம்பி பொறுத்துக்கிட்ட?" என்று கேட்டாராம்.

பேச்சு வந்த பிறகு தம்பி முதலில் சொன்னது இதைத்தான். "காது சரியானதைவிட, எனக்கு வலிக்குதுன்னு ஒருத்தருக்குத் தெரிஞ்சுதே, அதுதான்கா சந்தோஷம். அன்னைக்கு ராத்திரி தூங்கினேன்."

அதைக் கேட்ட பிறகுதான் வேதாகமத்தில் தாவீது பாடிய 31-ஆம் சங்கீதத்தின் 7-ஆம் வசனம் எனக்குத் திறந்தது. "உமது கிருபையிலே களிகூர்ந்து மகிழுவேன், நீர் என் உபத்திரவத்தைப் பார்த்து, என் ஆத்தும வியாகுலங்களை அறிந்திருக்கிறீர்." எத்தனையோ முறை வாசித்த வசனம்தான். தாவீது இங்கே நீக்கிவிட்டீர் என்று சொல்லவில்லை, பார்த்தீர், அறிந்திருக்கிறீர் என்கிறார். அந்த அறிதலுக்கே களிகூருகிறார். இரண்டு வசனம் தள்ளி, "நான் நெருக்கப்படுகிறேன்" என்று மறுபடி அழுகிறார். 12-ஆம் வசனத்தில் உடைந்த பாத்திரத்தைப்போல ஆனேன் என்கிறார். சந்தோஷமும் அழுகையும் ஒரே ஜெபத்தில் இருக்கின்றன. இயேசு சிலுவையில் உயிர்விடும்போது சொன்ன வார்த்தையும் இதே சங்கீதத்தின் 5-ஆம் வசனம்தான். மரத்துப்போன காலையும் மடங்கின காதையும் அவர் தூரத்திலிருந்து அறிகிறவரல்ல என்று நான் நம்புகிறேன்.

இதை எழுதும்போது ஐ.சி.யூ. வாசலில் என் பக்கத்தில் காத்திருந்த வங்காளத்து அம்மாவை நினைக்கிறேன். அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. உள்ளேயிருந்து என் பெயரைக் கூப்பிட்டால் என் கையைப் பிடித்துக்கொள்வார். அவர் மகன் பிழைக்கவில்லை. ஏன் என் தம்பி, ஏன் அவர் மகன் இல்லை என்று நான் தேவனிடம் கேட்டேன், இன்னும் கேட்கிறேன். காட்பாடியில் ரயிலேறப் போகுமுன் அவர் காந்தி ரோட்டு லாட்ஜிலிருந்து திரும்பி வந்து, தம்பி இருந்த பக்கம் கைகூப்பிவிட்டுப் போனார். அம்மா, உங்களுக்கு இது போய்ச் சேராது. உங்கள் கண்ணீரும் அறியப்பட்டிருக்கிறது.

அந்த நர்ஸ் அக்காவின் பெயரை நாங்கள் கேட்டுவைக்கவில்லை. விசாரிப்பதற்குள் வேறு வார்டுக்கு மாறிவிட்டார். அக்கா, உங்கள் கண்ணில் இது பட்டால் சேண்பாக்கம் வாருங்கள். தம்பியே மெஷினில் உட்கார்ந்து உங்களுக்கு ஒரு ரவிக்கை தைத்துத் தர வேண்டும் என்கிறான். விரல்களுக்கு இன்னும் பலம் வரவில்லை, தினமும் பழைய துணியில் தைத்துப் பழகுகிறான்.

கண்ணீரோடும் மகிழ்ச்சியோடும்,
அவன் அக்கா