உன் கதிரை

மட்டக்களப்பு,
2026 ஜனவரி.

அன்புள்ள மகளுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதற்குப் பதில் சொல்லாமல் தொலைபேசியை வைத்துவிட்டேன். அம்மாவுக்குக் கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம்தான். "அரச ஊழியரில் பாதிப்பேரை வீட்டுக்கு அனுப்பினால்தான் இந்த நாடு உருப்படும்" என்று சொல்கிறவளுடைய பெயரும் அந்த ஊழியர் பட்டியலில்தானே இன்னும் கிடக்கிறது? வாயால் பேசினால் சண்டையில் முடியும். முப்பத்தேழு வருடம் கடிதம் எழுதிச் சம்பளம் வாங்கியவள் நான், ஆகவே எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை உயிர்வாழ் சான்றிதழ் அலுவலாகப் பிரதேச செயலகத்துக்குப் போனேன். நான் இன்னும் சாகவில்லை என்று வருடத்துக்கு ஒருமுறை நானே போய்ச் சொன்னால்தான் ஓய்வூதியம் தடையில்லாமல் வரும். அப்படியே நீ வேலை பார்த்த பிரிவையும் எட்டிப் பார்த்தேன். ஒரு மேசையைச் சுற்றி நான்கு அபிவிருத்தி உத்தியோகத்தர்கள். ஐந்தாவது பிள்ளை கதிரையை நடைபாதையில் போட்டு, கோவை அலுமாரிக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பெரிய பதிவேடு. அடிமட்டத்தை வைத்து வெறும் பக்கத்தில் நேராகக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். என்ன செய்கிறாய் என்று கேட்டேன். "நிரல் அடிக்கிறேன் மிஸ்" என்றாள். எதற்கு நிரல் என்று நான் கேட்கவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது. பட்டம் பெற்ற பிள்ளை, கோடு மட்டும் அவ்வளவு அழகு.

இதைப் பார்த்தால் நீ சொன்னது சரி என்றுதான் எவருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது.

அங்கிருந்து கையொப்பத்துக்காக நம் கிராம உத்தியோகத்தரிடம் போனேன். வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. அவருக்குச் சொந்தப் பிரிவு ஒன்று, பதில் கடமை பார்க்கும் பிரிவு இன்னொன்று. டித்வா புயல் கொண்டுவந்த வெள்ளம் நவம்பரில் வடிந்தது. வீடு துப்புரவாக்கக் கொடுத்த 25,000 ரூபாயின் சச்சரவு இன்னும் வடியவில்லை. என் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்தது, அடுத்த வீட்டுக்குக் கிடைத்தது எனக்கு ஏன் இல்லை என்று ஒரு கிழவி மேசையில் தட்டித் தட்டிக் கேட்கிறாள். மனிதர் எழுந்து சண்டை பிடிக்கவும் இல்லை, நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. எழுதிக்கொண்டே "இருங்கள் அம்மா, இருங்கள்" என்கிறார். என் படிவத்தில் கையொப்பமிட அரை நிமிடம். அதற்கு நான் காத்திருந்தது இரண்டே கால் மணித்தியாலம்.

இப்போது சொல், பாதிப்பேரை அனுப்புவதென்றால் எந்தப் பாதியை?

பதினைந்து இலட்சம் அரச ஊழியர் என்று அமைச்சர்மார் சொல்லும்போது எல்லாருடைய கண்ணும் கச்சேரி என்கிற மாவட்டச் செயலகத்தின் பக்கம்தான் திரும்புகிறது. படையினரும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறார்கள். இராணுவத்தை 2024க்குள் 135,000 ஆகவும் 2030க்குள் 100,000 ஆகவும் குறைக்கப்போவதாக 2023 ஜனவரியில் அரசே அறிவித்தது. அதைப்பற்றித் தேநீர்க் கடையில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. திட்டு வாங்குவது எழுதுவினைஞர்.

நம் குடும்பத்தில் வேலைக்குறைப்பு மூன்று தலைமுறையாக நடக்கிறது, மகள். அம்மப்பாவின் கதையை நீ அரைகுறையாகத்தான் கேட்டிருப்பாய். சிங்களப் பரீட்சையில் தேறவில்லை என்று அவருக்குப் பல வருடம் சம்பள ஏற்றம் நிறுத்தியிருந்தார்கள். அதையெல்லாம் தாங்கிக்கொண்டவர், 1980 ஜூலையில் 300 ரூபாய் சம்பள உயர்வு கேட்டு நாடு முழுக்க நடந்த வேலைநிறுத்தத்தில் சேர்ந்தார். ஜே. ஆர். ஜயவர்த்தன அரசாங்கம் பேச்சுவார்த்தைக்கு வரவில்லை. வேலைக்கு வராதவர்கள் தாமாகவே பதவியை விட்டு விலகியவர்கள் என்று கருதப்படுவர் என ஒரு வரி எழுதி, நாற்பதாயிரம் பேர் வரையில் வெளியே தள்ளியது. அந்த வரி வந்த கடிதம் நெடுநாள் நம் வீட்டுப் பெட்டகத்தில் இருந்தது.

அம்மப்பா அதன்பிறகு என்ன செய்தார் தெரியுமா? கோட்டைக்குள் இருந்த பழைய கச்சேரிக்கு வெளியே, மர நிழலில் ஒரு மேசை போட்டார். பழைய தட்டச்சுப் பொறி ஒன்று; அதில் 'ன' சரியாக விழாது, பேனையால் திருத்துவார். காணிப் பிணக்கு, பிறப்புப் பதிவு, விதவைக் கொடுப்பனவு என்று வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து வரும் சனங்களுக்கு மனு எழுதிக் கொடுத்தார். உள்ளே இருந்து பதில் எழுதிய கை வெளியே இருந்து கேள்வி எழுதியது. எந்த மேசைக்கு எந்தச் சொல் போனால் கோவை நகரும் என்று அவருக்குத் தெரியும். அதனால் கூட்டம் குறையவில்லை. மீண்டும் வேலைக்கு எடுத்தபோது அவருக்கு ஓய்வுபெறும் வயது நெருங்கியிருந்தது. நான் 1985இல் எழுதுவினைஞராகச் சேர்ந்த அன்று அவர் சொன்னது ஒன்றுதான்: "வரவுப் பதிவேட்டில், பிந்தி வருகிறவர்களுக்கான சிவப்புக் கோட்டுக்குக் கீழே ஒருநாளும் உன் கையொப்பம் இருக்கக் கூடாது."

இருக்கவும் இல்லை. யுத்த காலத்தில் குருக்கள்மடத்தில் பாதை என்கிற தோணி ஏறி வாவியைக் கடந்து அம்பிளாந்துறைக்குப் போய் வேலை பார்த்த வருடங்களிலும் இல்லை. அக்கரையில் ஆட்சி புலிகளுடையது, சம்பளம் அரசாங்கத்துடையது. இரண்டு சோதனைச் சாவடியிலும் என் சோற்றுப் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். இப்போது துவக்கும் இல்லை, சாவடியும் இல்லை. ஆனாலும் படுவான்கரைக்கு இடமாற்றக் கடிதம் போனால், அதன் பின்னாலேயே மருத்துவச் சான்றிதழ் வந்துவிடுகிறது. நகரத்தில் ஐந்துபேர் ஒரு மேசையில் முட்டிக்கொள்வதற்கு அரசியல்வாதி பாதிக் காரணம் என்றால், மீதிக் காரணம் நாங்கள்தான். இதை என் பழைய சிநேகிதிகளிடம் சொன்னால் என்னுடன் பேசமாட்டார்கள்.

என்னை அனுப்பிய கதை உனக்குத் தெரியும். 2022 பிறந்தபோது ஓய்வு வயது 65 என்றார்கள். அதே வருடம் செப்டெம்பரில் 60 என்றார்கள். எனக்கு அப்போது 61. டிசம்பர் 31 சனிக்கிழமை என்பதால் 30ஆம் திகதி வெள்ளியே கடைசி நாள். எங்களில் ஏழுபேருக்கு ஒரே கேக். திங்கட்கிழமை காலையில் சேலை உடுத்திவிட்டு, போக இடமில்லை என்பது நினைவு வந்து கட்டிலில் இருந்தேன். நீ அதற்கு முந்திய மாதம்தான் விமானம் ஏறியிருந்தாய்.

உன் கதையில் எனக்கும் பங்கு உண்டு. 2017இல் காந்திப் பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகளோடு நீ இரவு பகலாக இருந்தபோது சாப்பாடு கட்டிக் கொண்டுவந்தவள் நான். அடுத்த வருடம் பயிலுநர் நியமனம், மாதம் 20,000 ரூபாய். அப்போது நாங்கள் கேட்டது ஒரு நியமனக் கடிதத்தை. அந்தக் கடிதத்துக்குப் பின்னால் ஒரு வேலை இருக்கிறதா என்று நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை, கொடுத்தவர்களும் யோசிக்கவில்லை. அவர்கள் எண்ணியது வாக்கை. இப்போது அதே ஆட்களைக் காட்டி, சுமை, சர்வதேச நாணய நிதியம் குறைக்கச் சொல்கிறது என்று பேசுவது எனக்குப் பொறுக்கவில்லை.

சம்பளத்தைப்பற்றியும் கேட்டாய். 24,250ஆக இருந்த குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 40,000 ஆகிறது, 15,750 ரூபாய் கூட்டிவிட்டார்கள் என்று 2025 வரவு செலவுத் திட்டத்தின்போது பத்திரிகையில் படித்திருப்பாய். அதில் 7,500 ஏற்கெனவே கொடுப்பனவு என்று கைக்கு வந்துகொண்டிருந்த காசு. உண்மையில் கூடியது 8,250. அதையும் ஒரே தடவையில் தரவில்லை: 2025 ஏப்ரலில் ஒரு பங்கு, இந்த ஜனவரியில் ஒரு பங்கு, கடைசிப் பங்கு 2027 ஜனவரியில். ஆனால் வாகரையில் மீன் பிடிக்கிறவனுக்கு இதைச் சொல்லி அழ எனக்கு வெட்கம். தனியார் துறையில் குறைந்தபட்ச வேதனம் இந்த மாதம்தான் 30,000ஐ எட்டியிருக்கிறது. முன்வீட்டுத் தையல் பிள்ளைக்கு ஓய்வூதியமும் இல்லை, சுகயீன விடுமுறைப் போராட்டமும் இல்லை. அவளுடைய எரிச்சல் நியாயமானது. உன்னுடையதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஏனென்றால், உன் கதிரை. 2022 ஜூன் சுற்றறிக்கையின்படி ஐந்து வருடச் சம்பளமற்ற விடுமுறை. சேவை மூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் பாதிப்பில்லை. அந்த விண்ணப்பத்தை நிரப்பித் தந்தவளும் நானே. போகிறவள் போகட்டும், திரும்பி வந்தால் கையில் ஒரு பிடி இருக்கட்டும் என்று நினைத்தேன். 2027 நவம்பரில் அது முடிகிறது. பேரன் அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டான். மருமகன் வீடு பார்க்கிறார் என்று நீயே சொன்னாய். முதியோர் இல்லத்தில் பன்னிரண்டு மணித்தியாலம் நின்று வேலை செய்துவிட்டு வந்து, இங்கே கோடு போடுகிறவர்களைப் பார்த்து உனக்கு எரிகிறது. அது எனக்கு விளங்குகிறது. ஆனால் ஆளணிக் கணக்கில் உன் இடம் நிரம்பியதாகவே நிற்கிறது, மகள். ஊழியர் அதிகம் என்று நீ எண்ணுகிற எண்ணிக்கைக்குள், வேலைக்கு வராத ஆளாக நீயும் இருக்கிறாய்.

வா என்று நான் சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. விலகினால் பத்து வருடச் சேவை இல்லாததால் ஓய்வூதியம் கிடையாது. அதை நன்றாக யோசி. வருவதானால் படுவான்கரையில் ஒரு பிரிவைக் கேட்டு வா. மண்முனையில் இப்போது பாலம் இருக்கிறது, எனக்கு இருந்த கஷ்டம் உனக்கு இல்லை.

இரண்டு கடிதமும் வரைந்து வைத்திருக்கிறேன். ஒன்று கடமைக்குத் திரும்புவதற்கு, மற்றது பதவி விலகுவதற்கு. இரண்டிலும் திகதிக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன். எது வேண்டும் என்று சொல், படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். நீ உன் கையால் பார்த்து எழுது. தட்டச்சு செய்தால் கையொப்பம் மட்டும்தான் உன்னுடையதாக இருக்கும்.

பேரனுக்கு முத்தம்.

அன்புடன்,
அம்மா